கேமரன் மலைத் தோட்டத்தில் ஒரு கொடிவழித் தேடல்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஓர் இடுபணி கொடுப்பது என் வழக்கம். தத்தம் குடும்பக் கொடிவழியை ஒரு பெரிய தாளில் வரைந்து வரவேண்டும். கீழே தங்கள் பெயர், அதற்கு மேல் பெற்றோர், அதற்கும் மேல் தாத்தா பாட்டியர். இதுவரை சிக்கல் இல்லை. நான்காவது வரிசைக்கு வந்ததும் பிள்ளைகளின் பென்சில் நின்றுவிடும். தாத்தாவின் அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி' என்பதற்குப் பின்னால் ஒரு பெயர் இருக்கிறதல்லவா, அதை அப்படியே பெயர்த்து எழுதுவார்கள். ஐந்தாவது வரிசை வெற்றுக் கட்டமாகவே இருக்கும். ஒரு முறை ஒரு சிறுவன் அந்தக் கட்டத்துக்குள் ஒரு கப்பலை வரைந்துகொண்டு வந்தான். புகைபோக்கியோடு கூடிய அழகான கப்பல்! மதிப்பெண் போடக் கை வரவில்லை எனக்கு.

அந்தச் சிறுவனின் தாயார் மறுவாரம் என்னைக் காண வந்தார். அவர் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். திருமணத்துக்குப் பின் ஈப்போவில் வாழ்கிறார். "சார், தென்னாப்பிரிக்காவில் உள்ள தமிழர்கள் தங்கள் பாட்டன் வந்த கப்பலின் பெயரைக்கூட இணையத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்களாமே! எங்கள் பாட்டன் பெயரையும் அப்படிப் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். ஒரு வாரத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த ஒரு வாரம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக நீண்டது. அந்தத் தேடலில் கற்றவற்றை மற்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கு எழுதுகிறேன். குடும்பத்தாரின் பெயரும் ஊர்ப் பெயரும் அவர்களுக்கு உரியவை. ஆகவே அவற்றைத் தவிர்த்திருக்கிறேன்.

அம்மையார் கேள்விப்பட்டது உண்மைதான். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் 152,000 பேருக்கும் மேல். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், வட்டம், மாவட்டம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பன யாவும் பேரேட்டில் ஏறின. அந்தப் பேரேடுகளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியில் ஏற்றிவிட்டார்கள். டர்பனில் வாழும் ஒருவர் தம் மூதாதையின் எண்ணை அறிந்தாரானால், அவர் இடக் கன்னத்தில் தழும்பு உள்ளவர் என்பதுவரை அறிந்துகொள்ளலாம்.

மொரீசியசிலும் இவ்வாறே. அங்கு 1860களிலிருந்து கூலிகளின் நிழற்படங்கள்கூட எடுத்து வைத்திருக்கிறார்கள். மகாத்மா காந்தி நிறுவனம் அவற்றைப் பாதுகாக்கிறது. பிஜி, கயானா, சுரிநாம், டிரினிடாட் ஆகிய நாடுகளின் பேரேடுகள் 2011இலும், மொரீசியசின் பேரேடுகள் 2015இலும் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. டிரினிடாட் பிரதமராக இருந்த கம்லா பெர்சாத் பிசேசர் 2012இல் பீகாரிலுள்ள பேல்பூர் என்னும் சிற்றூருக்குச் சென்று தம் கொள்ளுப்பாட்டனாரின் உறவினர்களைச் சந்தித்தார். அப்படி ஒரு சந்திப்புக்கு வழி திறந்து வைத்திருப்பவை இத்தகைய தாள்களே.

இங்கே ஒரு வேதனையான வேடிக்கையைச் சுட்டியாக வேண்டும். இத்தனை விவரங்களையும் வெள்ளைக்காரன் எழுதி வைத்தது நம்மவர்மீது கொண்ட அன்பினால் அன்று. ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்ட ஆள் இடையில் ஓடிவிட்டால் பிடித்து வந்து தண்டிக்க வேண்டும். அதற்குத் தழும்பும் மச்சமும் தேவை. அடிமைத்தனத்துக்கு அடுத்தபடியான ஒரு முறை எழுதிவைத்த ஏடுகளே இன்று பேரப்பிள்ளைகளுக்கு வேரைக் காட்டுகின்றன. அதனினும் தளர்ந்த முறையில் வந்த நம் முன்னோர்க்கோ ஏடே இல்லை.

நம் முன்னோர் வந்தது பெரும்பாலும் கங்காணி முறையில் என்பதை நாம் அறிவோம். மலாயாவிலும் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது; 1910இல் அது நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை ஓங்கிவிட்டது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரையே துரை ஊருக்கு அனுப்புவார். அவர் தம் சிற்றூருக்கும் சுற்றுப்புறத்துக்கும் சென்று, உற்றாரையும் சாதிக்காரரையும் திரட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ வந்து சேர்வார். 1907இல் தொடங்கப்பட்ட குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றது. தோட்ட முதலாளிகள் எல்லாரும் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப அந்த நிதிக்குப் பணம் கட்டினார்கள். ஆகவே நிதிக்குத் தேவைப்பட்டது தலைக்கணக்கு, பெயர் அன்று. 1922ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின்னர் விதிகள் இறுகின. ஆள் திரட்டும் கங்காணிக்கு உரிமச் சீட்டு வேண்டும், கிராம முனிசீப்பின் கையொப்பம் வேண்டும் என்றெல்லாம் வந்தன. இந்திய அரசின் முகவர் ஒருவர் 1923 முதல் கோலாலம்பூரில் இருந்து ஆண்டறிக்கை எழுதினார். அந்த அறிக்கைகளில் சம்பளம் உண்டு, மருத்துவமனைக் கட்டில்கள் உண்டு, வந்தவர் போனவர் கணக்கு உண்டு. முனியாண்டியும் மாரியாயியும் இல்லை.

ஆக, நேட்டால் பட்டியலைப் போல் ஆள்வாரியாகத் தேடக்கூடிய பட்டியல் ஒன்று மலாயாத் தமிழருக்கு இணையத்தில் இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பல இரவுகள் மிச்சமாகும். எனக்கு அவை மிச்சமாகவில்லை.

1999இல் தொடங்கிய 'ஃபேமிலிசர்ச்' என்னும் தளம் கட்டணம் இல்லாதது. யூட்டா மாநிலத்து மோர்மன் திருச்சபையினர் நடத்துவது. உலகெங்கும் பல்லாண்டுகளாக அவர்கள் எடுத்த நுண்படச் சுருள்கள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை. 2021இல் அவற்றைக் கணினி வடிவாக்கி முடித்தார்கள். சென்னை மாநிலத் திருமுழுக்கு, திருமணப் பதிவுகளின் அட்டவணையும் அங்கு உண்டு. ஆனால் அவை தேவாலயப் பதிவுகள். ஐரோப்பியருக்கும் கிறித்துவருக்கும் உதவும். காளியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட நம் பாட்டிமாருக்கு உதவமாட்டா. கிறித்துவக் குடும்பத்தினர் மட்டும் அதைத் தவறாமல் பார்க்கவேண்டும். மற்றொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: பிறர் வரைந்து ஏற்றியுள்ள கொடிவழிகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். தம் குடும்பத்தைக் கடாரம் கொண்ட இராசேந்திர சோழனோடு நேராக இணைத்திருந்த ஒரு கொடிவழியையும் கண்டேன். இடையில் எண்ணூறு ஆண்டுகளைக் காணவில்லை!

இனி மலைக்கு வருவோம்.

கேமரன் மலை, 1885இல் அப்பகுதியை அளந்த வில்லியம் கேமரன் என்பவரின் பெயரைத் தாங்கியது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைவாழிடம் ஆக்கும் எண்ணம் வலுப்பெற்றது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. ஜே. ஏ. ரசல் என்னும் தொழிலதிபர், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் வட இந்தியாவிலிருந்து வந்த சுபர்ஷாத் பன்சால் அகர்வால் பாரத் தேயிலையைத் தொடங்கினார். கம்போங் ராஜா பக்கம் புளூ வேலித் தோட்டமும் எழுந்தது.

இப்போது ஓர் ஆய்வு செய்து பார்த்தேன். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் 2009இல் பழைய நாளேடுகளை இணையத்தில் ஏற்றியது. அதில் 'ரசல்' என்று தேடினேன். சிறுவனாக இருந்தபோதே மலாயாவுக்கு வந்தவர், தந்தை கோலாலம்பூரில் அரசாங்க அச்சகத்தில் அதிகாரி, சீனமொழி நன்கறிந்தவர், ஈயமும் ரப்பரும் வணிகம், 1933இல் மறைவு, போருக்குப் பின் மகன் டிரிஸ்டன் தோட்டத்தை ஏற்று நடத்தியமை... ஒரு மாலைப்பொழுதில் மூன்று தலைமுறைகளை எழுதிவிட்டேன். அதே ஆண்டுகளில் அதே சரிவில் காட்டை வெட்டித் தேயிலை நட்ட தமிழர் ஒருவருடைய பெயரையாவது காண முடியுமா என்று பார்த்தேன். 'தமிழ்க் கூலி ஒருவன்' என்று செய்தியில் வரும். மரம் விழுந்து இறந்தால் வரும். வழக்குமன்றத்தில் நின்றால் வரும். 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அந்நூலகத் தளத்தில் படிக்கக் கிடைக்கிறது. சங்கக் கூட்டங்கள், நன்கொடைப் பட்டியல்கள், திருமண அறிவிப்புகள் ஆகியவற்றில் தோட்டத்து மக்களின் பெயர்கள் தமிழிலேயே கண்ணில் படும். பொறுமையாகப் புரட்ட வேண்டும்.

ஆண்டுகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. அம்மையாரின் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி, "பாட்டன் கப்பலை விட்டு இறங்கி நேராக மலைக்கு வந்தார்" என்பது. மூத்த அத்தையோ தோட்டத்தில் 1932இல் பிறந்தவர். உலகப் பொருளாதார மந்தத்தால் 1930இல் மலாயாவுக்கு ஆள் திரட்டுவது நிறுத்தப்பட்டது. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பெருந்தொகையானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934இல்தான் மீண்டும் திரட்டத் தொடங்கினார்கள். 1938இல் இந்திய அரசு அதையும் தடை செய்துவிட்டது. அப்படியானால் 1930க்கும் 1933க்கும் இடையில் மலையில் காடு வெட்டியவர்கள் அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கியவர்களாக இருப்பது அரிது. கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் வேலை குறைந்து, தாப்பா வழியாக மேலே ஏறியவர்களாகவே பெரும்பாலோர் இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஆகவே, மலைத் தோட்டத்துக் குடும்பங்களின் கதையில் இடையே ஒரு ரப்பர்த் தோட்டம் விடுபட்டிருக்கக்கூடும். பிடோர், சுங்கை, தாப்பா வட்டாரங்களைத் தேடிப் பாருங்கள். மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆயினும் சாலை பேராவுக்கே இறங்கியது. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் கீழே பேராவுக்குத்தான் போனார்கள். மலையில் வாழ்ந்தவரின் பிறப்புப் பத்திரத்தில் பேரா என்று கண்டால் குழம்ப வேண்டாம்.

இந்தக் கணிப்பை அம்மையாரிடம் சொன்னபோது அவருக்குச் சிறிது வருத்தம். பாட்டன் கதையில் ஒரு கல்லைப் பிடுங்கிவிட்டேன் அல்லவா! ஆனால் மறுநாளே தொலைபேசியில் அழைத்தார். "சார், அத்தை ஒன்று சொல்கிறார்கள். பாட்டி எப்போதும் 'பால்வெட்டுத் தோட்டத்தில் இருந்தபோது' என்று ஒரு பேச்சு எடுப்பாராம். நாங்கள்தாம் கவனிக்கவில்லை" என்றார். பால்வெட்டு என்றால் ரப்பர்தானே. தேயிலையில் ஏது பால்?

அதன்பின் இணையத்தை மூடிவிட்டு வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தோம். இந்த வரிசைதான் சரி என்று இப்போது எண்ணுகிறேன். முதலில் பெட்டி, பிறகு கணினி. அந்தப் பெட்டியில் இருந்தவை: அத்தையின் பிறப்புப் பத்திரம், பாட்டனின் சிவப்பு அடையாள அட்டை, தோட்டத்துச் செக்ரோல் எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, ரசீதுகள், ஒரு பழைய திருமண அழைப்பிதழ்.

அடையாள அட்டையைப் பற்றி ஒரு சொல். அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948ஆம் ஆண்டில்தான் நாடெங்கும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் நிழற்படத்தோடும் கைரேகையோடும் அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வந்த ஏற்பாடு அது. ஆனாலும் தோட்டத்து மக்கள் பலருக்கு வாழ்நாளில் எடுத்த முதல் நிழற்படம் அதுவே என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நேட்டால்காரருக்குத் தழும்பு, நமக்குக் கைரேகை. பாட்டனின் முகத்தை அந்தச் சிறுவன் அன்றுதான் முதன்முறையாகக் கண்டான். "என் காது மாதிரியே இருக்கிறது" என்றான்.

சிவப்பு அட்டை என்றால் குடியுரிமை இல்லாதவர் என்பதைப் பெற்றோர் அறிவர். விடுதலைக்குப் பின் எத்தனையோ பேர் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பிக்கப் பிறப்பு ஆவணம் இல்லை. அல்லது எதற்கு என்று எவரும் சொல்லவில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. 1969க்குப் பின் ஏறத்தாழ 60,000 பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதுகின்றனர். ஆகவே கொடிவழி வரையும்போது 'ஊருக்குப் போய்விட்டார்கள்' என்று குறிக்கப்படும் சித்தப்பா, பெரியப்பாக்கள் இந்த ஆண்டுகளில் மறைந்திருப்பார்கள். 2011இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் இந்தியர்களைப் பதிவு செய்யும் இயக்கம் ஒன்றை அரசு நடத்தியபோதும், தாத்தாவின் ஒரு தாள் இல்லாமையால் பேரனின் பத்திரம் சிக்கியிருந்த வீடுகளைக் கண்டோம். பழைய தாள் நினைவுப் பொருள் மட்டும் அன்று. ஒரு பிள்ளை பள்ளியில் சேர்வதும் தேர்வு எழுதுவதும் அதைப் பொறுத்தவை.

அடுத்தது பெயர். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர், சீட்டில் ஒரு பெயர்! மூன்றும் ஒருவரே. கிராணியார் காதில் விழுந்ததை உரோமன் எழுத்தில் எழுதினார். முனியாண்டி என்பதன் முதலெழுத்துக்குப் பின் 'யு' போட்டவர் உண்டு. இரண்டு 'ஓ' போட்டவரும் உண்டு. கடைசியில் 'ஐ' அல்லது 'ஒய்'. வீராசாமியில் 'சாமி'க்கு நடுவே ஒரு 'டபிள்யூ' புகுந்துகொள்ளும். தேடும்போது இத்தனை வடிவங்களையும் தனித்தனியே போட்டுப் பார்க்கவேண்டும். குடும்பப் பெயர் இல்லாத நம் வழக்கம், வெள்ளைக்காரர் அமைத்த தேடுபொறிகளுக்கு விளங்குவதில்லை. தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எண்ணிக்கொண்டு, தாத்தாவையும் பேரனையும் இரு வேறு குடும்பங்களில் வைத்துவிடும். அதே வேளையில் நம் வழக்கத்திலேயே ஒரு திறவுகோலும் உண்டு. தாத்தாவின் பேரை உடையவன் பேரன் என்பர். மூத்த பேரனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர் வைக்கும் வீடுகளில், ஓர் அண்ணன் பெயரே நமக்கு ஐந்தாவது கட்டத்தை நிரப்பிக் கொடுத்துவிடும். அம்மையாரின் பெரியப்பாவின் பெயரைக் கொண்டுதான் பாட்டனுடைய தந்தையின் பெயரை ஊகித்தோம். அது பின்னர் சரியென உறுதிப்பட்டது.

சிலருடைய பெயரோடு ஊரும் ஒட்டிக்கொண்டிருக்கும். காந்தியடிகளின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று 1914இல் பதினாறு வயதில் மறைந்த வள்ளியம்மை, ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். ஆனால் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி அவர் பெயருக்கு முன்னால் நின்றுவிட்டது. நம் தோட்டத்துப் பாட்டன்மாருக்கு அப்படி எவரும் ஊரை முன்னொட்டாக வைக்கவில்லை.

பாட்டனின் ஊர் எது? 'திருச்சிப் பக்கம்' என்பதற்கு மேல் எவருக்கும் தெரியவில்லை. இங்கேதான் கங்காணி முறையின் ஒரு குணம் நமக்கு உதவியது. கங்காணி தம் ஊராரையே கூட்டி வந்தவர். ஆகவே ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர் அல்லது பக்கத்து ஊர்க்காரர்கள். ரப்பர்த் தோட்டத்திலிருந்து மலைக்கு ஏறியபோதும் கூட்டாகவே ஏறியிருப்பார்கள். உங்கள் பாட்டன் ஊர் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் பாட்டன் ஊரைக் கேளுங்கள்! பக்கத்து வீட்டில் இருந்தவர் யார் என்று எப்படி அறிவது? நம் கைவசமே அதற்கு ஓர் ஏடு இருக்கிறது. தமிழ்ப்பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடு.

அந்த ஏட்டைப் பெரும்பாலான ஆசிரியர்கள் நிருவாகத் தாளாகவே கருதுகிறோம். பெயர், பிறந்த நாள், பிறப்புப் பத்திர எண், தந்தை பெயர், பெற்றோர் தொழில், முகவரி, முன்பு படித்த பள்ளி, விலகிய நாள், விலகிய காரணம். கப்பல் பட்டியலுக்கு நம்மிடம் உள்ள மாற்று இதுதான்! முன்பு படித்த பள்ளி என்ற கட்டத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியின் பெயர் இருந்தால் அது எவ்வளவு பெரிய செய்தி! 'விலகிய காரணம்: இந்தியா பயணம்' என்று இருந்தால் அதுவும் செய்திதான். தலைமையாசிரியரின் ஒப்புதலோடு அம்மையாரின் தந்தை படித்த ஆண்டின் பக்கங்களைப் பார்த்தோம். முறையாக அனுமதி பெற்றே பார்க்கவேண்டும். அதில் உயிரோடிருப்பவர்களின் விவரங்களும் உள்ளன. ஒரே நாளில் சேர்க்கப்பட்ட நான்கு பிள்ளைகளின் முந்தைய பள்ளி ஒன்றே என்று தெரியவந்தது. அந்த நால்வருள் ஒருவர் இன்று கிள்ளானில் பேரன் பேத்திகளோடு வாழ்கிறார். அவருக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருந்தது. குலதெய்வத்தின் பெயரும் தெரிந்திருந்தது. முசிறி வட்டத்தில் ஒரு சிற்றூர்.

அதற்கு மேல் மீண்டும் இணையம் கைகொடுத்தது. ஆனால் பரம்பரைத் தளம் எதுவும் அன்று. அந்த ஊர் இளைஞர்கள் தங்கள் கோயில் குடமுழுக்கு நிழற்படங்களை ஏற்றியிருந்தார்கள். ஒரு படத்தில், மண்டபத் தூணுக்கு அருகே பதித்த உபயக் கல் ஒன்று பாதி தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் நான்கைந்து பெயர்களும், கீழே 'மலேயா' என்ற சொல்லும்! தோட்டத்தில் சேர்த்த காசை ஊர்க் கோயிலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கங்காணியும் கப்பல் கம்பெனியும் எழுதி வைக்காத பெயரை ஊர்க் கொத்தனார் கல்லில் வெட்டி வைத்திருந்தார். அந்தப் பட்டியலில் பாட்டன் பெயர் இருந்தது; அவருடைய தந்தை பெயரின் முதலெழுத்தும் இருந்தது. பெரியப்பாவின் பெயரைக் கொண்டு நாங்கள் செய்த ஊகம் அங்கே உறுதியாயிற்று.

அடுத்த பெயருக்கும் அதே முதலெழுத்து. அவர் யார் என்று அம்மையாருக்குத் தெரியவில்லை. அத்தைக்கும் தெரியவில்லை.

படம் ஏற்றிய இளைஞருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். பத்து நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. பாட்டனின் உடன்பிறந்தார் வழிவந்த முதியவர் ஒருவர் பேசினார். அம்மையாரை 'ஆத்தா' என்று அழைத்தார். நலம் விசாரித்த கையோடு அவர் கேட்ட முதல் கேள்வி, "பெரியவர் வழி நீங்கள், சரி, சின்னவர் என்ன ஆனார்?" என்பது.

பாட்டனுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறார். அண்ணனுக்குப் பின்னால் கப்பலேறி வந்தவர். மனைவியை ஊரில் விட்டு வந்தவர். அண்ணன் மலைக்கு ஏறியபோது தம்பி கீழே ரப்பர்த் தோட்டத்திலேயே தங்கிவிட்டார் போலும். போர் வந்தபின் கடிதம் நின்றது. போர் முடிந்து அண்ணனிடமிருந்து ஊருக்கு வந்த ஒரே கடிதத்தில், 'தம்பியைச் சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை' என்று ஒரு வரி இருந்ததாம். கடிதம் இப்போது இல்லை. வரி மட்டும் ஊரில் வாய்வழியாக நிற்கிறது. தம்பியின் மனைவி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை என்றும் அந்த முதியவர் சொன்னார். இங்கே மலேசியாவில் அவரைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. பாட்டன் தம் பிள்ளைகளிடம் அதைப் பேசவே இல்லை.

1942 முதல் 1943 அக்டோபர் வரை சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் எவரும் தேடலாம். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள்; பெயர், படைப்பிரிவு, வயது, எந்த வரிசையில் எந்தக் கல் என்பது வரை. அதே கொள்ளைநோயில், அதே மழையில், அதே தண்டவாளத்துக்கு அருகில் இறந்த தமிழர்களுக்கு அப்படிப்பட்ட பட்டியல் இல்லை. அந்த ஆணையத்தின் பணி படையினருக்கானது. கூலிகளைக் கணக்கெடுக்க எந்த ஆணையமும் அமையவில்லை. எனக்குத் தெரிந்த எழுத்து வடிவங்கள் அனைத்தையும் போட்டுத் தேடினேன். இல்லை என்று தெரிந்தே தேடினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அண்ணனைத் தேடிப் புறப்பட்ட எங்களுக்குத் தம்பி கிடைத்தார். கிடைத்த இடத்திலேயே மீண்டும் தொலைந்தார்.

மலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் இந்தோனேசியரும். தமிழ்க் குடும்பங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிவிட்டன. லயங்கள் உடைபடும்போது தகரப் பெட்டிகள் தொலைகின்றன. மாடிக் குடியிருப்புக்கு மாறும்போது பழைய பெட்டிக்கு இடமில்லை என்று தூக்கி எறிந்த வீடுகளை நானே அறிவேன். ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிவப்பு அட்டையோ, கிழிந்த பத்திரமோ, முகம் தெரியாதவர்களின் நிழற்படமோ எதுவாயினும் எறியாதீர்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர் எழுதி வையுங்கள். பேனா மை ஊறிவிடும். ஆசிரியர்களே, பழைய சேர்க்கைப் பதிவேடுகள் கரையான் அரிப்பதற்கு முன் அவற்றைப் படியெடுத்து வைக்க நிருவாகத்திடம் கேளுங்கள். ஒரு பள்ளியில் அவற்றைப் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பதறினேன்.

அம்மையார் கடந்த பள்ளி விடுமுறையில் மகனோடு முசிறிக்குப் போய் வந்தார். சிறுவன் அந்த உபயக் கல்லின்மீது தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து வந்திருக்கிறான். கப்பல் வரைந்த பழைய தாளை என்னிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டான். கப்பலை அவன் அழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் போட்டு, ஒன்றில் பெரியவர் பெயரையும் மற்றொன்றில் சின்னவர் பெயரையும் எழுதினான். சின்னவருக்கு இறந்த ஆண்டு என்ன போடுவது என்று கேட்டான். 1943 என்று போட்டுக் கேள்விக்குறி இடச் சொன்னேன்.

இவ்வாண்டு இடுபணித் தாளில் இரண்டு கட்டங்களைக் கூட்டியிருக்கிறேன். ஒன்று, 'குலதெய்வமும் அது இருக்கும் ஊரும்'. மற்றொன்று, 'லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள்'. பிள்ளைகள் பெரியவர்களைக் கேட்டு நிரப்புவதற்கு இரண்டு வாரங்கள் கொடுத்திருக்கிறேன்.